இரண்டும் எலிதான்

என் பழைய லேப்டாப்பில் ஒரு படம் இருக்கிறது. சாம்பல் நிறப் பின்னணியில் ஆறு கறுப்புக் கோடுகள், ஒரே வரிசையில், ஒரே உயரத்தில். இடப்பக்கம் மூன்று கொஞ்சம் மெலிந்தவை, வலப்பக்கம் மூன்று தடித்தவை. ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஐந்து வருடத்தில் நான் எடுத்த படங்களிலேயே அழகானது அதுதான். அது தப்பான படம் என்று தெரிந்து ஏழு வருடமாகிறது, இன்னும் அழிக்கவில்லை. வெறும் தப்பு என்றால் எப்போதோ மறந்திருப்பேன். லேபில் தப்பு நடக்காத வாரம் கிடையாது. அந்தப் படத்தின் கீழ்ப் பாதியை நானே வெட்டி எடுத்தேன். அதுதான் மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

காரைக்குடிப் பக்கம் பிறந்தவர்களிடம் கவுனி அரிசியைப் பற்றி விளக்கப் போனால் சிரிப்பார்கள். பர்மாவுக்குத் தொழில் செய்யப் போன செட்டியார்களோடு ஊருக்கு வந்த கறுப்பரிசி. முதல் நாள் ராத்திரியே ஊறப்போட்டு, மறுநாள் குழைய வேகவைத்து, சூட்டோடு சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் நெய்யும் போட்டுக் கிளறி இலையில் வைத்தால் பந்தியில் பேச்சு நின்றுவிடும். எங்கள் வீட்டில் அதெல்லாம் கிடையாது. அப்பா வேலை பார்த்த கடை முதலாளி வீட்டில் ஏதாவது விசேஷம் வந்தால் உண்டு, அவ்வளவுதான். அந்த அரிசியை எலிகளுக்குக் கொடுத்தால் கல்லீரலில் என்ன மாறுகிறது என்று பார்ப்பதுதான் என் ஆய்வு. முறைப்படி அனுமதி வாங்கி, ஒரு கூட்டத்துக்குச் சாதாரணத் தீவனம், இன்னொன்றுக்குக் கவுனி கலந்தது. எல்லா அளவையும் எடுத்து முடித்த பிறகு சார் கேட்டார்: “சக்தி சக்தின்னு சொல்றோம், சக்தி செய்யிற நொதி கூடுதா இல்லையான்னு நேராவே பாத்திடலாமே. ஏடிபி சிந்தேஸுக்கு ஒரு ப்ளாட் போடும்மா.” ப்ளாட் என்றால், குறிப்பிட்ட ஒரு புரதம் எவ்வளவு இருக்கிறது என்று கோடாகக் காட்டும் சோதனை.

ஏடிபி என்பது செல்கள் சக்திக்காகச் செலவழிக்கும் மூலக்கூறு, அதைச் செய்யும் நொதிதான் ஏடிபி சிந்தேஸ். அதன் மேல் எனக்குக் கல்லூரி நாளிலிருந்தே ஒரு கிறுக்கு உண்டு. நொதி என்றால் ஏதோ கரைசல் மாதிரி நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு, இது ஒரு சுழலும் இயந்திரம் என்று தெரிந்தபோது தூக்கம் வரவில்லை. மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் பதிந்திருக்கிறது. சவ்வுக்கு அந்தப் பக்கம் புரோட்டான்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. அவை இந்த வழியாக உள்ளே பாயும்போது அடியில் உள்ள வளையம் சுற்றுகிறது, அதோடு நடுத்தண்டும் சுற்றுகிறது. தண்டைச் சூழ்ந்து ஆல்ஃபா என்ற புரதப் பகுதி மூன்று, பீட்டா என்ற பகுதி மூன்று, ஆரஞ்சுச் சுளை மாதிரி மாற்றி மாற்றி உட்கார்ந்திருக்கின்றன. தண்டு ஒரு சுற்று வந்தால் மூன்று ஏடிபி. நம் போன்ற பிராணிகளின் மைட்டோகாண்ட்ரியாவில் அந்த ஒரு சுற்றுக்கு எட்டுப் புரோட்டான் செலவு. இப்படி ஒரு நாளில் நாம் செய்து செலவழித்துத் திரும்பச் செய்யும் ஏடிபியைக் கூட்டினால் ஏறக்குறைய நம் உடம்பு எடை வரும். மின்வேதியியலுக்கென்றே 1953-இல் ஒரு தேசிய ஆய்வகம் திறக்கப்பட்ட ஊரில் இதைச் சொன்னால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள் என்பது வேறு விஷயம். அங்கே பேட்டரி ஆராய்ச்சி செய்த தோழி, “அப்ப இது சவ்வு வெச்ச பேட்டரிதானே, இதுக்கா இவ்வளவு சீன்?” என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. 1961-இல் பிரிட்டிஷ் உயிர்வேதியியலாளர் பீட்டர் மிட்செல் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான், ஆனால் அப்போது அதை ஒப்புக்கொள்ள ஆளில்லை. உடம்பு சரியில்லாமல் எடின்பரோ வேலையை விட்ட மிட்செல், கார்ன்வாலில் கிளின் ஹவுஸ் என்ற பாழடைந்த பழைய மாளிகையைச் செப்பனிட்டு, அதிலேயே ஆய்வகம் வைத்தார். 1978-இல் நோபல் வந்தபோதும் அங்கேதான் இருந்தார். கானாடுகாத்தான் வழியாகப் பஸ்ஸில் போகும்போது பூட்டிக் கிடக்கும் செட்டியார் மாளிகைகளின் முகப்புகளைப் பார்த்து, இதில் ஒன்றில் ஒரு சென்ட்ரிஃபியூஜை இறக்கினால் என்ன என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். வளவில் எலிக்கூண்டு, இரண்டாங்கட்டில் ஜெல் ரூம்.

ப்ளாட்டுக்கு வேண்டிய ஆன்டிபாடி, அதாவது ஏடிபி சிந்தேஸைத் தேடி ஒட்டிக்கொள்ளும் புரதம், வந்தது ஒரு சனிக்கிழமை. 100 மைக்ரோலிட்டர், 38,000 ரூபாய். கண்ணில் விடும் சொட்டு மருந்தில் இரண்டு சொட்டு அளவு. ஒரு பெரிய தெர்மோகோல் பெட்டிக்குள், உருகிப் போன ஐஸ் பைகளுக்கு நடுவே, அந்தக் குட்டிக் குப்பி. சென்னையிலிருந்து திருச்சி, திருச்சியிலிருந்து இங்கே, மே மாத வெயிலில். என் முதல் பயமே அது செத்திருக்குமோ என்பதுதான். பெரும்பாலான ஆன்டிபாடிகள் ஒன்றிரண்டு நாள் வெளியே இருந்தால் சாகாது, திரும்பத் திரும்ப உறையவைத்து உருக்குவதுதான் அவற்றுக்கு ஆகாது என்று சீனியர் அக்கா சமாதானம் சொன்னார். இருவருமாக அதைப் பத்துக் குப்பிகளில் பிரித்து வைத்தோம். என் கை நடுங்கியது. 38,000 என்பது அன்றைக்கு அப்பாவின் மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல்.

பேர் வெட்டுகிறவர் மகள்

அப்பா காரைக்குடியில் ஒரு பாத்திரக்கடையில் பேர் வெட்டுகிறவராக இருந்தார். மெஷின் வருவதற்கு முந்தைய காலம்: சின்ன உளி, சின்னச் சுத்தியல், பித்தளை விளிம்பில் டிக் டிக் என்று புள்ளி புள்ளியாக எழுத்து. செட்டியார் வீட்டுக் கல்யாணத்தில் சாமான் பரப்பும்போது எத்தனை உருப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அத்தனையிலும் விலாசம் வெட்ட வேண்டும். முழுப் பேர் எழுத மாட்டார்கள், தலையெழுத்துகள்தான், வீர.சா. என்பது போல. அந்த மூன்று எழுத்தைப் பார்த்தால் இது எந்த வீட்டுச் சாமான் என்று ஊரே சொல்லிவிடும்.

ஆன்டிபாடி என்ன செய்கிறது என்று அப்பாவுக்குச் சொல்ல எனக்கு இதைவிட நல்ல வழி கிடைக்கவில்லை. அரைத்த கல்லீரலில் ஆயிரக்கணக்கான புரதம், ஒரு கல்யாண வீட்டுச் சாமான் போல எல்லாம் கலந்து கிடக்கும். முதலில் மெர்காப்டோஎத்தனால் போட்டுச் சூடாக்க வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் அந்தத் திரவம் புரதங்களை மடிப்புக் கலைத்துத் தனித்தனி இழையாக்கும். பிறகு ஜெல்லில் ஓட்டினால் சின்னது முன்னே ஓடும், பெரியது பின்னே தங்கும். அதை அப்படியே ஒரு சவ்வுத் தாளுக்கு மாற்றி, வெற்றிடங்களையெல்லாம் பால்பவுடர் கரைசலால் அடைத்து, அதன் மேல் ஆன்டிபாடியை ஊற்றுவோம். அது முழுப் புரதத்தையும் பார்ப்பதில்லை. விலாசம் மாதிரி ஒரு சிறு துண்டை மட்டும் படித்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது நம் கண்ணுக்குத் தெரியாது. அதனால் அதன் மேல் இன்னொரு ஆன்டிபாடி, செகண்டரி. அது முதல் ஆன்டிபாடியைப் பிடிக்கும், அதன் வாலில் கட்டியிருக்கும் நொதி வெளிச்சம் கொடுக்கும். கேமராவில் கோடு விழும். எங்கே விழ வேண்டும் என்று முன்பே தெரியும்: ஏடிபி சிந்தேஸ் ஆல்ஃபாவின் எடை 55 கிலோடால்டன் (புரதங்களின் எடையைச் சொல்லும் அலகு).

அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப ரெண்டு வீட்டுக்கு ஒரே விலாசமா இருந்தா?” என்றார். கேட்டதற்குக் காரணம் இருந்தது. நான் ஆறாவது படிக்கும்போது நடந்தது. பாகம் பிரிந்த அண்ணன் தம்பி இரண்டு பேர் வீட்டுக்கும் ஒரே தலையெழுத்து. ஒரு விசேஷத்துக்கு இரவல் போன அண்டாக்கள் திரும்பும்போது மாறிப்போய், இரண்டு ஆச்சிகளும் பேச்சை விட்டுவிட்டார்கள். கடைசியில் அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார்கள். அவர் எழுத்தைப் பார்க்கவே இல்லை. அண்டாவைக் கவிழ்த்து, அடியில் தட்டிப் பார்த்து, கைப்பிடி பற்றவைத்த இடத்தைத் தடவிப் பார்த்து, இது அங்கே, அது இங்கே என்று பிரித்துக் கொடுத்தார்.

“அதெல்லாம் வராதுப்பா, எடையும் சேர்த்துப் பார்க்கிறோம்ல” என்றேன். என்ன ஒரு தெம்பு அப்போது எனக்கு.

படம் வந்த அன்று சாயங்காலம் வீட்டுக்கு ஓடி வந்து போனில் அப்பாவிடம்தான் முதலில் காட்டினேன். முழுப் படம், வெட்டாதது. 55-இல் ஆறு கோடுகள், கவுனி தின்ற எலிகளின் மூன்றும் தடித்து. கொஞ்சம் கீழே, 25 பக்கத்தில், மங்கலாக இன்னொரு வரிசை.

“கீழ என்னத்தா அது, ஒண்ணு மங்கலா ஓடுது?”

“அது உடைஞ்சு போன துண்டுப்பா. டீக்ரடேஷன்னு சொல்வோம். கணக்குல வராது.”

மறுநாள் காலை அந்த வரிசையை வெட்டிவிட்டு ஸ்லைடில் போட்டேன். சார் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. நம்ம ஊர் அரிசி, நம்ம ஊர் லேப், சக்தி செய்யும் நொதி கூடுகிறது. துறை முழுக்க எனக்கு வாழ்த்து. ஒரு கருத்தரங்கில் போஸ்டர்கூட வைத்தேன். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

கரண்ட் போன சாயங்காலம்

இதே சோதனையை மூன்று தடவை செய்து காட்டினால்தான் கட்டுரையாக எழுத முடியும். இரண்டாவது தடவைக்கு மெம்ப்ரேனை, அதாவது அந்தச் சவ்வுத் தாளை, மூன்று துண்டாக வெட்டி, பிப்பெட் டிப் பெட்டியின் மூடிகளில் போட்டு வைத்திருந்தேன். எந்த லேபிலும் இதற்கென்று தனிப் பாத்திரம் வாங்க மாட்டார்கள், இந்த மூடிதான். ஒவ்வொரு மூடிக்கும் 3 மில்லி ஆன்டிபாடிப் பால். அதற்காக 10 மில்லி கலக்கியிருந்தேன். முதல் இரண்டுக்கு ஊற்றி முடித்த நேரம் கரண்ட் போனது. போன் வெளிச்சத்தில் மூன்றாவதற்கும் ஊற்றினேன், கோல்டு ரூமில் ராக்கர் என்ற ஆடும் தட்டின் மேல் வைத்தேன், கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

மறுநாள் கழுவி, செகண்டரி போட்டு, கழுவி, படம் எடுத்தால் மூன்று துண்டிலும் கோடு. மூன்றாவதில் மட்டும் கொஞ்சம் மெலிது, ஒரு மயிரிழை கீழே. ஜெல் கோணலாக ஓடியிருக்கும் என்று விட்டுவிட்டேன். மத்தியானம், மிச்சமிருக்கும் ஆன்டிபாடிப் பாலை எடுத்து வைக்கலாம் என்று ஃபிரிட்ஜைத் திறந்தேன். எங்கள் லேபில் அதைப் பழைய சோறு மாதிரி நாலைந்து நாள் வைத்து வைத்துப் பயன்படுத்துவோம். (ஒரு தடவை பால் கெடக்கூடாதென்று ஒருவர் பொதுப் பாட்டிலில் சோடியம் அசைடு போட்டுவிட்டார். அசைடு செகண்டரியின் நொதியை முடக்கிவிடும் என்பது அவருக்குத் தெரியாது. ஒரு வாரம் எல்லோருக்கும் வெள்ளைத் தாள்தான் வந்தது.) டியூபில் ஒரு மில்லி இருக்க வேண்டும். நாலு மில்லி இருந்தது.

டியூபைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். மூன்றாவது மூடியில் நான் ஊற்றியது பக்கத்தில் இருந்த வெறும் பால். அந்தத் துண்டு ஏடிபி சிந்தேஸ் ஆன்டிபாடியின் முகத்தையே பார்க்கவில்லை. பிறகு அதில் கோடு எப்படி வந்தது?

அன்று ராத்திரி வீட்டுக்குப் போகவில்லை. புதிதாக ஒரு ஜெல் ஓட்டி, இந்த முறை வேண்டுமென்றே செகண்டரி மட்டும் போட்டேன். 50-க்கும் 55-க்கும் நடுவில் ஒரு கோடு. 25-இல் ஒரு கோடு. பளிச்சென்று.

பதில் தெரிய அரை மணி நேரம்கூட ஆகவில்லை, அதுதான் அவமானம். ஆன்டிபாடியும் ஒரு புரதம்தானே. மெர்காப்டோஎத்தனால் போட்டுச் சூடாக்கினால் அது இரண்டு சைஸ் சங்கிலியாகப் பிரியும். பெரியது 50, சின்னது 25. இளங்கலை மாணவிகூடச் சொல்வாள். என் கல்லீரல் மாவில் எலியின் ரத்தம் இருந்தது, ரத்தத்தில் எலியின் சொந்த ஆன்டிபாடிகள் இருந்தன. என் செகண்டரி, ஆட்டின் உடம்பில், சுண்டெலி ஆன்டிபாடியைப் பிடிப்பதற்கென்று தயாரானது. நான் வாங்கிய முதல் ஆன்டிபாடி சுண்டெலியுடையது. 1975-இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் சுண்டெலியின் மண்ணீரல் செல்லைப் புற்றுச் செல்லோடு இணைத்துத்தான் ஒரே மாதிரி ஆன்டிபாடியை அளவில்லாமல் செய்யும் வழியைக் கண்டுபிடித்தார்கள். அதனால் இன்றும் பல ஆன்டிபாடிகளின் பூர்வீகம் சுண்டெலி. நான் வளர்த்ததோ சுண்டெலி அல்ல, ரேட் என்கிறோமே அந்தப் பெரிய வெள்ளை எலி. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் இரண்டு பேர் இருக்கிறது. என் நோட்டைத் திருப்பிப் பார்த்தேன், எல்லாப் பக்கத்திலும் ‘எலி’, ‘எலி’ என்றுதான் எழுதியிருந்தேன். செகண்டரிக்கும் தமிழ்தான் தெரியும் போல. நெருங்கிய சொந்தமான இரண்டு பிராணிகளின் ஆன்டிபாடிகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால், அதற்கு இரண்டும் எலிதான்.

ஒரே விலாசம், கிட்டத்தட்ட ஒரே எடை.

38,000 ரூபாய் ஆன்டிபாடி ஒரு தப்பும் செய்யவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது தன் வேலையைச் சரியாகவே செய்திருந்தது. கூட வந்த தாளில் போட்டிருந்த படம் சுத்தமாகப் பிரித்தெடுத்த மைட்டோகாண்ட்ரியாவில் எடுத்தது, அதில் ரத்தத்துக்கு வழியே இல்லை. நான் செலவை மிச்சம் பிடிக்க முழுக் கல்லீரலை அரைத்திருந்தேன். என் தடித்த கோடு உண்மையில் இரண்டு கோடு: மேலே 55-இல் ஏடிபி சிந்தேஸ், அதன் காலடியில் ஒட்டிக்கொண்டு 50-இல் எலியின் ரத்தம். என் சின்ன ஜெல்லில் இரண்டும் ஒன்றாக விழுந்திருந்தன. நான் கம்ப்யூட்டரில் அளந்து வரைபடம் போட்டது இரண்டின் கூட்டுத்தொகையை.

சரி, கவுனி எலிகளுக்கு மட்டும் ஏன் கூடியது? அதையும் நோட்டே சொன்னது. கல்லீரலை எடுத்ததும் குளிர்ந்த உப்புக்கரைசலில் மூன்று முறை கழுவ வேண்டும். சாதாரணத் தீவன எலிகளைக் காலையில் எடுத்தேன். கவுனி எலிகளை எடுக்கும்போது மணி இரண்டரை, கரைசல் தீர்ந்துகொண்டிருந்தது. என் கையெழுத்திலேயே இருக்கிறது: “ஒரு வாஷ்.”

கீழே ஒரு கோடு

சார் திட்டவில்லை. சொல்லி முடிக்கும் வரை மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “முதல் படத்துல 25-ல எதுவும் தெரியலையா?” என்று மட்டும் கேட்டார். தெரிந்தது சார், வெட்டிட்டேன் என்றேன். அவர் அதற்கு மேல் எதுவும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கரிடாரில் யாரோ சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

அப்புறம் நடந்ததெல்லாம் வேலை. பெரிய எலியின் ஆன்டிபாடிகளில் ஒட்டக்கூடியதை முன்பே வடித்தெடுத்த செகண்டரியை வாங்கினோம். மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்தெடுத்து ஓட்டினோம். ஒவ்வொரு ப்ளாட்டிலும் முதல் ஆன்டிபாடி இல்லாத ஒரு துண்டு. கோடு வந்தது, மெலிசாக, ஒற்றையாக, சரியான இடத்தில். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. என் ஆய்வேட்டில் அந்த அத்தியாயம் ஆறு பக்கம்தான். கவுனி அரிசியின் மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது, நெய் கொஞ்சம் தாராளமாக விட்டால் இன்றும் இரண்டாவது தடவை கேட்டு வாங்குவேன்.

வெட்டும்போது நான் எதையும் மறைக்கிறேன் என்று நினைக்கவில்லை. இதைப் பல நாள் யோசித்திருக்கிறேன். ஏமாற்ற நினைத்து வெட்டியிருந்தால் அதற்கு ஒரு பேர் இருக்கிறது, தண்டனையும் இருக்கிறது. நான் செய்தது வேறு. கீழே இருந்த கோட்டைப் பார்த்தேன், அதற்கு ‘டீக்ரடேஷன்’ என்று ஒரு பேர் வெட்டினேன், பேர் வைத்தாகிவிட்டது என்பதாலேயே அதைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டேன். மேலே இருந்த கோடு 40-லோ 70-லோ விழுந்திருந்தால் அன்றைக்கே சந்தேகப்பட்டிருப்பேன். அது நான் எதிர்பார்த்த இடத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டது. இப்போது நான் பாடம் நடத்தும் கல்லூரியில் மாணவிகள் படம் கொண்டுவந்தால் முழுத் தாளையும் கேட்கிறேன். அவர்கள் அலுத்துக்கொள்கிறார்கள்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவிடம் இதைப் பேசினேன். கடையில் இப்போது மெஷின்தான் வெட்டுகிறது. அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து, திண்ணையில் உட்கார்ந்து தெருவைத் துல்லியமாகப் பார்ப்பதே பொழுதுபோக்காக இருக்கிறது.

“அன்னிக்கே நீங்க கேட்டீங்கப்பா, கீழ ஒண்ணு ஓடுதேன்னு.”

“நானா? எப்ப?” அவருக்கு நினைவே இல்லை. அண்டா தகராறு மட்டும் வரி விடாமல் நினைவிருந்தது.

போனில் அந்த வெட்டாத படத்தை எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, இரண்டு விரலால் பெரிதாக்கினார். என் அழகான ஆறு கோடுகளை நிற்காமல் கடந்து கீழே போய், மங்கலான வரிசையில் நிறுத்தி, ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினார்.

“இதுவும் ஆறு இருக்கேத்தா” என்றார். பிறகு படத்தை மேலும் கீழுமாக இரண்டு தடவை நகர்த்திப் பார்த்தார். “மேல எதெது தடியா இருக்கோ, அததுக்குக் கீழயும் தடியாத்தான் இருக்கு.”